ஹம்பிள் ஆற்றில் ஒழுக்குத் தேடினோம்

இங்கிலாந்து சென்று மீண்டோர் இலண்டன் மாநகரின் கோபுரங்களையும் அரண்மனை வாயிற் காவலரையும் பற்றி எழுதுவதே வழக்கம். 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் அந்நாட்டுக்குச் சென்ற நாமும் அவற்றைக் காணாமலில்லை. இரண்டு நாட்களிற் கண்டு முடித்தோம். எஞ்சிய பன்னிரண்டு நாட்களையும் தென்கரையிலுள்ள ஒரு சிற்றாற்றின் சேற்றிற் கட்டியிருந்த பழைய படகொன்றினுள், கையில் மின்சூளும் செவியிற் சொட்டு நீரின் ஒலியுமாகக் கழித்தோம். அக்கதையையே இங்கு எழுதுகின்றோம்.

வாட்டர்லூ நிலையத்திற் புகைவண்டி ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற் சௌதாம்ரன் துறைமுக நகரை அடையலாம். 1912ஆம் ஆண்டில் ரைட்டானிக் கப்பல் புறப்பட்டது அத்துறையிலிருந்தே. அங்கிருந்து சிறு வண்டியொன்றிற் கிழக்கு நோக்கிச் சென்றால் பேர்சில்டன் என்னும் கிராமம் வருகின்றது. நிலையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் ஆறு. ஆறு என்று எழுதினோமேயன்றி, முதலில் எம் கண்ணிற் பட்டது நீரன்று. பாய்மரங்களாலான ஒரு காடு. பெருஞ் செல்வரின் புதிய படகுகள் ஒருபுறம் வெள்ளை வெளேரென்று வரிசையாக நிற்க, மறுபுறத்திற் சேற்றோரமாகப் பழைய படகுகள், தோட்டத்து மூலையிற் கிடக்கும் உடைந்த வண்டில்களைப் போலக் கிடந்தன. எம்மை அழைத்தவர் அந்த மறுபுறத்திலேதான் வாழ்ந்தார்.

அவர் எமது கல்லூரியில் எம்மிடம் கணிதம் கற்ற மாணவர். ஊர் வல்வெட்டித்துறை. கப்பற் பொறியியலாளராகப் பல கடல்களைச் சுற்றி, மணஞ் செய்து, ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையான பின் தரையில் வேலை தேடிக்கொண்டு சௌதாம்ரனில் அமர்ந்தார். அங்கே வீட்டு வாடகை வானளாவியது. ஆகவே 2016இல், நாற்பதடி நீளமான உல்லாச மோட்டார்ப் படகு ஒன்றைத் தம் சேமிப்பு முழுவதையும் கொட்டி வாங்கி, அதனையே வீடாக்கிக் கொண்டார். படகு 1978இற் கட்டப்பட்டது. உடல் கண்ணாடிநாரால் ஆயது; எமது கடற்றொழிலாளர் பைபர் படகு என்பார்களே, அவ்வினம். மேற்றளத்தில் மட்டும் தேக்குப் பலகை பதித்திருந்தனர். உள்ளே சமையலறை, இரண்டு படுக்கையறைகள், ஒரு சிறு கூடம். சுவாமிப் படங்கள் இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மேலே இருந்தன. படகு ஓடுவது ஆண்டில் நாலைந்து நாட்களே; மற்றைய நாட்களில் அது வீடு.

இயந்திரம் என்றால் அவர் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். அவரை வென்றது நீர். முன்னறையிற் குழந்தை படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் ஈராண்டுகளாக நீர் சொட்டியது. மரப்பலகையிற் பூஞ்சணம் பிடித்தது. ஐந்து வயதுக் குழந்தைக்குச் சென்ற குளிர்காலம் முழுவதும் இழுப்பு. ஈரமான அறையிற் படுக்கவிட வேண்டாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். கூலிக்கு ஆளமர்த்தி இருமுறை திருத்தியும் ஒழுக்கு நிற்கவில்லை.

"சேர், இலையுதிர்காலத்துக்கு முன் இது நிற்க வேண்டும். நில்லாவிட்டால் வந்த விலைக்கு விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போவோம் என்று அவவுக்குச் சொல்லிப்போட்டேன்," என்றார் மாணவர், எமது பெட்டியை ஏணிவழியே இறக்கியவாறே. அவருடைய மனைவியார் ஒன்றும் பேசவில்லை. அடுப்பிலிருந்த கோப்பியை ஊற்றித் தந்தார். அந்த மௌனத்தில் இரண்டு குளிர்காலங்களின் களைப்பு இருந்தது. ஒழுகும் படகை எவர் நல்ல விலைக்கு வாங்குவர்?

குழந்தையின் அறையை எமக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். முதனாள் இரவு ஒன்று பத்துக்கு எமது நெற்றியில் முதற்றுளி விழுந்தது.

மாலையில் மழை பெய்தது உண்மை. ஆனால் ஒன்பது மணிக்கே விட்டுவிட்டது. வானத்தில் விண்மீன்கள் தெரிந்தன. மழை பெய்கையில் ஒழுகாத கூரை, விட்டு நான்கு மணி நேரங் கழித்து ஒழுகுவானேன்? மின்சூளைக் கொளுத்திப் பார்த்தோம். தலைமாட்டிலுள்ள வட்டக் கண்ணாடி யன்னலின் மேல் விளிம்பிலிருந்து நீர் திரண்டு, உருண்டு, விழுந்துகொண்டிருந்தது. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் படுத்தோம். ஆசிரியர்களுக்கு ஒரு குணமுண்டு. வினாவைக் கேட்டவுடனே விடையைச் சொல்லிவிட வேண்டும். காலையில், "யன்னலின் பசைதான் விட்டிருக்கிறது, தம்பி," என்றோம். மாணவர் பணிவாகச் சிரித்தார். முன் வந்த இரண்டு திருத்துநரும் அதையே சொல்லி, யன்னலைச் சுற்றிச் சிலிக்கோன் பசையை அப்பிவிட்டுப் போயிருந்தனர். அவர்கள் எவர் என்பதை எழுதுதல் முறையன்று. சொட்டுகின்ற இடத்தையே அடைத்தார்கள். நாமும் அதைத்தானே செய்திருப்போம்!

ஊரில் எம் தந்தையாரின் ஓட்டு வீட்டை எண்ணிக்கொண்டோம். முகட்டிலே ஓடு வெடித்திருக்கும். நீர் சிலாகை வழியாக ஓடி வந்து பத்தடிக்கு அப்பாலுள்ள தாழ்வாரத்திற் சொட்டும். தாழ்வாரத்து ஓட்டை மாற்றி மாற்றிப் பயனென்ன? படகின் மேற்றளம் ஓட்டுக் கூரையினும் பொல்லாதது. அது ஒற்றைத் தகடன்று. மேலே ஒரு கண்ணாடிநார்த் தோல், கீழே ஒரு தோல், இடையிலே பால்சா என்னும் மிக மெல்லிய மரம். பாரங் குறைந்து உறுதி மிக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மேற்றோலில் எவ்விடத்திலேனும் நீர் புகுந்தால் அது இடைமரத்தைத் தோய்த்து, வழி கிடைத்த திசையெல்லாம் நகர்ந்து, கீழ்த்தோலில் விளக்குக் கம்பிக்காக இட்ட துளையொன்றைக் கண்ட இடத்தில் வெளிப்படும். அதற்குள் மரம் ஊறி உக்கிவிடும். உட்கும் பரப்பு மிகுமாயின் மேற்றளம் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும்; அதற்காகும் செலவு படகின் விலையையே விஞ்சும். சொட்டு நீருக்குப் பின்னாலிருந்த உண்மையான அச்சம் அதுவே.

இரண்டாம் நாளிரவும் மாலை மழைக்குப் பின் சொட்டியது. மூன்றாம் நாளும் அவ்வாறே. நாட்குறிப்பிலே நேரங்களை எழுதி வைத்தோம். காரணமொன்றுமில்லை, வெறும் பழக்கம்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, முறையான தேடலைத் தொடங்கினோம். மேற்றளத்தின் ஓரங்களில் மழைநீர் வெளியேறுவதற்கு வட்டமான கண்கள் உண்டு. மேனாட்டு மாலுமிகள் அவற்றை ஸ்கப்பர் என்பர். நாம் தூம்பு என்றே வழங்குவோம். இடப்புறத்தில் அணியத்தை நோக்கி ஒன்று, அமரத்தை நோக்கி ஒன்று. ஒவ்வொரு தூம்பின் கீழும் ஓர் இறப்பர்க் குழாய், அலுமாரிகளின் பின்னாற் சென்று படகின் பக்கச் சுவரிலே நீர்மட்டத்துக்கு மேலுள்ள துவாரத்தில் முடிகின்றது. மாணவர் சிறு தோணியிற் சென்று அத்துவாரத்தை வெளியே மரக்குற்றியால் அடைத்தார். நாம் மேலிருந்து தூம்பின் விளிம்புக்கு ஓரங்குலங் கீழ்வரையும் நீர் நிரப்பினோம். அலுமாரியைக் காலிசெய்து, குழாயின் பொருத்துகளைச் சுற்றி மெல்லிய காகிதத்தைக் கட்டியிருந்தோம். எவ்விடம் நனைகிறதோ அவ்விடம் தானே பேசிவிடும்.

அரை மணியில் முன் தூம்பின் கீழ்ப்பொருத்திலிருந்த காகிதம் நனைந்தது. கிளிப் துருப்பிடித்து அறுந்திருந்தது; குழாயும் நாற்பதாண்டு மூப்பினால் விறைத்து வெடித்திருந்தது. என்னே எம் மகிழ்ச்சி! சைக்கிளிற் சென்று புதிய குழாயும் கிளிப்புகளும் வாங்கி வந்தார். பழைய குழாய் நடுவிலே தொய்ந்து நீரும் சேறும் தேங்க இடங் கொடுத்திருந்தது. புதியதை எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாக அமைத்து, முனைக்கு இரண்டாகத் துருவேறாக் கிளிப்புகளை இட்டு முறுக்கினோம். அன்றிரவு மனைவியார் பால்ப்பாயசம் வைத்தார்.

பாயசத்தை உண்டு படுத்த எம்மை மூன்று நாற்பதுக்குத் துளி எழுப்பிற்று.

அவ்வேளையில் எமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுதுவதற்கில்லை. உறக்கமும் வரவில்லை. நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினோம். முதலிரவு 1.10. இரண்டாவது 2.05. மூன்றாவது 2.50. இப்பொழுது 3.40. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம்! நாளுக்கு ஐம்பது நிமிடம் பிந்தி வருவது உலகில் ஒன்றே; அது சந்திரன். சந்திரன் பிந்தினால் வற்றும் வெள்ளமும் பிந்தும். எழுந்து மேற்றளத்துக்கு ஏறினோம். ஆற்றில் நீரில்லை. படகு சேற்றின்மேல் அமர்ந்திருந்தது.

இவ்விடத்தில் அக்கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லல் வேண்டும். யாழ்ப்பாணக் கரையில் வற்றும் பெருக்கும் சாணளவிலும் முழவளவிலும் அடங்கிவிடும். பலர் அதனைக் கவனிப்பதேயில்லை. சௌதாம்ரன் கழியிலோ ஆளுயரத்துக்கும் மேலாக நீர் ஏறி இறங்கும். அதிலும் ஒரு விந்தை: வெள்ளம் ஒருமுறை உச்சத்துக்கு வந்து, சிறிதே தணிந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மீண்டும் உயரும். பெரிய கப்பல்கள் அத்துறையை விரும்புவதற்கு இந்த நீண்ட நிறைவெள்ளமும் ஒரு காரணம். நீர் நெடுநேரம் நின்றுவிட்டு, பின் ஓட்டமாக ஓடி இறங்கிவிடும். இறங்கியதும் பேர்சில்டனின் பழைய படகுகள் சேற்றிற் புதைந்து அமரும். ஆற்றின் நடுவை நோக்கிச் சேறு சரிந்திருந்தமையால் எமது படகு அமரும்போது அணியமும் இடப்புறமும் சற்றே தாழ்ந்தன. இரண்டு பாகை இருக்கும். நின்றால் உணராது, கோப்பையிலுள்ள தேநீரைப் பார்த்தால் தெரியும்.

மிதக்கும்போது மேற்றளத்து நீர் பின் தூம்பை நோக்கி ஓடியது. அமர்ந்தவுடன், பலகை இடுக்குகளிலும் ஓரங்களிலும் நின்ற மிச்ச நீர் திரும்பி முன் தூம்பை நோக்கி வந்தது. மின்சூள் வெளிச்சத்தில் அதனைக் கண்டோம். முன் தூம்பைச் சுற்றி ஒரு சிறு குளம். நீர் தூம்புக்குள் இறங்கவில்லை. நாற்பதாண்டுக் காலம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதிலே தேக்குப் பலகை மெலிந்துவிட்டது. தூம்பின் உலோக வளையம் மட்டும் தேயாமல் இரண்டு நாணயத் தடிப்புக்கு மேலே நின்றது. வடிகாலின் வாயே அணையாகிவிட்டது. முதனாள் நாம் விளிம்புக்கு ஓரங்குலங் கீழே நிறுத்தியதனால், அந்த வளையத்தின் அடிப்பொருத்தை நீர் தொடவேயில்லை. குழாயின் ஒழுக்கு உண்மையான ஒழுக்குத்தான், ஆனால் வேறொன்று.

மாணவரை எழுப்பினோம். சாரத்தோடு வந்து பார்த்தவர் நெடுநேரம் அந்தச் சிறு குளத்தருகே குந்தியிருந்தார். "ஈராண்டாக மழையைக் குற்றஞ் சாட்டிக்கொண்டிருந்தேன், சேர்," என்றார்.

சந்தேகம் தெளிவாகவேண்டுமல்லவா? புதன்கிழமை பிற்பகல் படகு அமர்ந்த பின், குழந்தையின் விளையாட்டுக் களிமண்ணால் வளையத்தைச் சுற்றி வரம்பு கட்டினோம். தூம்பைக் குற்றியால் அடைத்தோம். பிறந்தநாட் கேக்குக்கு வைத்திருந்த பச்சைச் சாயத்தை நீரிற் கலந்து வரம்புக்குள் ஊற்றினோம். குழந்தை முன்னறையிற் கட்டிலின்மேல் மல்லாந்து படுத்துக் காவலிருந்தாள். முப்பத்தைந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கீழிருந்து ஒரு கூக்குரல்: "அப்பா, பச்சை! பச்சை!" தூம்பிலிருந்து நான்கடி தூரத்தில், யன்னலின் மேல் விளிம்பிலே, மரகதம் போல ஒரு துளி தொங்கியது. அதனைக் கண்டு அக்குடும்பம் அடைந்த ஆனந்தத்தை எவ்வீட்டிலும் ஒழுக்கைக் கண்டு அடைந்திருக்கமாட்டார்கள்.

இனி உக்கல் எவ்வளவு என்பதே வினா. அடுத்த படகில் வாழ்ந்த ஆங்கிலேயக் கிழவர் ஒருவர், ஆயுள் முழுவதும் படகு கட்டியவர், அழையாமலே வந்தார். மூன்று நாட்களாக எமது கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றார். ஆனால் கேளாத இடத்திற் புத்தி சொல்வது அந்நாட்டு வழக்கமன்று. பச்சைத் துளிக்குப் பின்னர்தான் வாய் திறந்தார். முன்னறைக் கூரைப் பலகைகள் இரண்டைக் கழற்றச் செய்து, திருகாணிச் சாவியின் கைப்பிடியாற் கீழ்த்தோலை விரற்கடைக்கு ஒருமுறையாகத் தட்டிச் சென்றார். நல்ல இடம் டக்கென்று ஒலித்தது. உக்கிய இடம் ஈரப் பானையைத் தட்டியதுபோல மழுங்கி ஒலித்தது. ஒலி மாறிய இடங்களிற் சுண்ணக்கட்டியாற் புள்ளியிட்டார். மனைவியார் சமையலறை வாயிலிற் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் கிழவர் புள்ளிகளை இணைத்தார். அகலம் ஒரு சாண். நீளம் ஒன்றரைச் சாண். அவ்வளவே. கிழவர் தலையசைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். அவ்வம்மையார் தேநீர் வைக்கப் போனவர் சிறிது நேரம் திரும்பி வரவில்லை.

அன்று மாலையே வளையத்தைக் கழற்றினோம். நான்கு திருகாணிகள். அடியிலிருந்த பழைய பசை பொருபொருத்து உதிர்ந்தது. தூம்புக்காகத் துளையிட்ட நாளில் இடைமரத்தின் வெட்டுமுனையை எவரும் மூடி அடைக்கவில்லை, பசையொன்றே காவல். பசை காய்ந்த நாளிலிருந்து நீர் நேரே மரத்துட் புகுந்திருக்கின்றது. கீழ்த்தோலிற் சுண்ணக்கட்டி வரைந்த பரப்பை வெட்டி எடுத்தபோது உள்ளேயிருந்த பால்சா, நீரில் ஊறிய பாண்போலக் கையோடு வந்தது. கபில நிறம், புளித்த நாற்றம். உலர்ந்த மரம் தோன்றும்வரை சுரண்டினார்கள். மேலே தார்ப்பாயாற் கூடாரமிட்டு, உள்ளே ஒரு விளக்கையும் சிறு விசிறியையும் வைத்தார்கள். "மூன்று நாள்," என்றார் கிழவர். "அவசரப்பட்டால் ஈரத்தையே உள்ளே வைத்துப் பூட்டுவீர்கள்."

அந்த மூன்று நாட்களில் ஊர் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டிய காற்றாலை ஒன்று குன்றின்மேல் நிற்கின்றது. ஆற்றின் வாயிலே ஹம்பிள் கிராமத்துக்கும் வார்சாஷுக்கும் இடையில் ஓடும் ஓடம், எமது ஊர்ச் சிறுமிகளின் சட்டைபோலக் கடும் இளஞ்சிவப்பு நிறம். அதற்காகக் காத்திருக்கும் கொட்டகையும் அதே நிறம். 1801இற் கோப்பனேகன் சமரில் நெல்சன் ஏறிநின்ற எலிபன்ற் என்னும் போர்க்கப்பல் 1786இல் இவ்வாற்றிலேதான் நீரில் இறங்கிற்று.

ஆனால் நாம் காண விரும்பியது வேறு. வெள்ளிக்கிழமை மாலை பெருவற்று. ஆற்றின் மேற்பகுதியில் ஓக் மரங்கள் நீர்மட்டம் வரை இறங்கி நிற்கும் கரை வழியே நடந்தோம். அங்கே சேற்றினுள் கிறேஸ் டியூ என்னும் கப்பல் கிடக்கின்றது. ஐந்தாம் ஹென்றி மன்னன் கட்டுவித்தது. 1418இல் நீரில் இறங்கியது. அக்காலத்தில் வட ஐரோப்பாவிலேயே ஒப்பற்ற பெருங்கப்பல். 1430இற் புளோரன்சு நகரத்துக் கப்பற்றலைவர் ஒருவர் வந்து ஏறி அளந்து வியந்திருக்கின்றார். ஒரேயொரு முறை, 1420இற் கடலுக்குச் சென்றது. மாலுமிகள் கலகஞ் செய்யத் திரும்பிவிட்டது. 1439இல் இடி விழுந்து எரிந்து, நீர்மட்டத்துக்குக் கீழிருந்த பகுதி மட்டும் சேற்றில் எஞ்சியது. நெடுங்காலம் அதனை டேனியர் கப்பல் என்றே அயலார் நம்பினர். இன்னதென்று 1930களிலேதான் தெளிந்தனர். பலகைகளை மூன்று மூன்றாக அடுக்கி, ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்றை ஏற்றி ஆணியடித்து, இடுக்குகளிற் பாசியையும் தாரையும் திணித்திருந்தார்களாம். சட்டத்தாற் காக்கப்பட்ட இடமாகையால் அணுகுதல் கூடாது. கரையிலிருந்து நாம் கண்டது சேறும், சேற்றின்மேல் மாலை வெயிலும், ஒரு கொக்குமே. எனினும் விட்டு வர மனம் எழவில்லை.

அதே மன்னனின் ஹோலிகோஸ்ற் என்னும் மற்றொரு கப்பல் 1415இற் படையிற் சேர்ந்தது. அதுவும் இவ்வாற்றிலே கிடக்கின்றது எனத் தோன்றுவதாக 2015இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அக்கப்பலின் கணக்கேடுகளில் 1423ஆம் ஆண்டுக்குரிய ஒரு செய்தி உண்டு. டேவி ஓவன் என்பவனைக் கூலிக்கமர்த்தி, கப்பலின் அடியில் மூழ்கி வெடிப்புகளை அடைக்கச் செய்தார்கள். இரு முறையேனும் மூழ்கியிருக்கின்றான். காற்றுக் குழாயில்லை, கண்ணாடியில்லை. இந்த ஆற்றின் கலங்கல் நீரில், மூச்சையடக்கி, விரலாற் றடவித் தடவி ஒழுக்கைத் தேடியிருப்பான் போலும். இருமுறை என்பதை மாணவர் கேட்டதும், "அப்படியென்றால் முதன்முறை அடைத்தது சரியாக இல்லை, சேர்," என்றார்.

திரும்பும் வழியில் அவர் தம் பாட்டனாரைப் பற்றிப் பேசினார். வல்வெட்டித்துறையிற் கலப்பத்து வேலை செய்தவர் அவர். வத்தைகளின் பலகை இடுக்குகளில் நார் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது அவருடைய தொழில். அக்கரையிற் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த கதையைப் பாட்டனார் சொல்லிச் சொல்லியே இவரைக் கப்பல் வேலைக்கு அனுப்பினாராம். "கப்பலைக் கட்டியவனை எல்லோரும் கேட்பார்கள், கலப்பத்துக்காரனை ஒருவரும் கேளார் என்பார்," என்று கூறிவிட்டுச் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். "கண்ணாடிநாருக்குக் கலப்பத்து வேண்டாம் என்று நினைத்திருந்தேன்."

சனிக்கிழமை மரம் உலர்ந்திருந்தது. கிழவர் மேற்பார்க்க, மாணவர் வேலை செய்ய, நாம் கலக்கிக் கொடுத்தோம். புதிய பால்சாத் துண்டுகளை எபொக்சிப் பசையில் அமைத்து, அடியிற் கண்ணாடிநார்த் துணியை அடுக்கடுக்காக ஒட்டிக் கீழ்த்தோலை மூடினார்கள். தூம்பு வரவேண்டிய இடத்திலோ மரமே வைக்கவில்லை. அங்கே முழுவதும் கெட்டியாக்கிய எபொக்சியை நிரப்பி, அது கல்லாகிய பின், மறுநாள் அதன் நடுவிலே துளையிட்டார்கள். இனிப் பசை விட்டாலும் நீர் காண்பது கல்லையே, மரத்தையன்று. வளையம் பலகைக்கு மேலே நில்லாமல் ஒரு மயிரளவு கீழே அமரும்படி தேக்கைக் குடைந்தார்கள். துளையின் விளிம்பைச் சற்றே சரித்து வெட்டினார்கள். அச்சரிவிற் பசை ஒரு வளையம்போலத் திரண்டு நிற்குமாம். பசை இம்முறை சிலிக்கோன் அன்று. சிலிக்கோன் பூசிய இடத்தில் அதன் எண்ணெய்த்தன்மை எளிதிற் போகாது; பின்னர் வேறெந்தப் பசையும் அங்கே ஒட்டாது. பழைய திருத்துநர் யன்னலில் அப்பியதைச் சுரண்டி எடுக்கவே எமக்கு அரை நாளாயிற்று. தூம்புக்குப் பொலிசல்பைட்டுப் பசையை இட்டார்கள்.

திருகாணிகளை முறுக்குகையில் நாம் மாணவரினும் ஊக்கமாக இருந்தோம். கிழவர் எமது கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரேயடியாக இறுக்கினாற் பசை முழுவதும் வெளியே பிதுங்கிப் போம். உலோகமும் பலகையும் முட்டிக்கொண்டு நிற்கும். இடையில் ஒன்றும் இராது. பாதி இறுக்கி, இரண்டு நாள் விட்டு, பசை இறப்பராகியபின் மிச்சத்தை இறுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மிச்சத்தை இறுக்கும் பணியை எமக்கே விட்டார்கள். ஆணிக்கு அரைச் சுற்று.

களிமண் வரம்பும் பச்சை நீரும் மீண்டும் வந்தன. இரண்டு மணி நேரம் குழந்தை கட்டிலிற் படுத்திருந்தாள், பாதியில் உறங்கிவிட்டாள். துளி இல்லை. ஆயினும் மழையொன்று பெய்யாமல் மனைவியார் நம்புவதாக இல்லை. இங்கிலாந்தில் மழைக்காகக் காத்திருந்தவர் நாமாகத்தான் இருக்கும்.

புதன்கிழமை மாலை அது வந்தது. மூன்று மணி நேரம் விடாமற் கொட்டி, இரவு ஒன்பதுக்கு ஓய்ந்தது. அன்று வற்று பதினொரு மணிக்குச் சிறிது முன். நால்வரும் முன்னறையிற் கூடியிருந்தோம். படகு மெல்ல முனகிக்கொண்டு சேற்றில் அமர்ந்தது. கோப்பையிலுள்ள தேநீர் ஒருபுறம் சாய்ந்தது. மேலே நீர் திரும்பி முன் தூம்பை நோக்கி ஓடும் சலசலப்பும், குழாய் வழியே இறங்கும் கடகடப்பும், வெளியே சேற்றில் விழும் ஓசையும் கேட்டன. பன்னிரண்டு மணிக்கு மனைவியார் யன்னலின் மேல் விளிம்பை விரலாற் றடவிப் பார்த்தார். ஒரு மணிக்கு மறுபடியும் தடவினார். பின்பு மாணவரைப் பார்த்து, "பிள்ளையை இங்கே கொண்டுவந்து கிடத்துங்கோ," என்றார்.

அன்றிரவு நாம் கூடத்து வாங்கிற் படுத்தோம். காலையில் வண்டி ஏழு நாற்பதுக்கு.